அட்வான்ஸ் கொடுக்கும் முன் அனுமதியைப் பாருங்கள்
(கொடைக்கானல் சிறு வியாபாரிகளுக்காக நம் அறக்கட்டளை நடத்திய வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தொழில் உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "கடைக்கு அனுமதி இருக்கிறதா?" என்பதுதான். பணம் கேட்டு வந்தால் காகிதம் கேட்கிறார்களே என்று சிலருக்கு வருத்தம். நாங்கள் கொடுப்பது பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம். அந்தப் பணத்தில் வைத்த கடை ஆறே மாதத்தில் பூட்டப்பட்டால், கொடுத்தவர் பணமும் போயிற்று, வாங்கியவர் பிழைப்பும் போயிற்று. அதனால்தான் கேட்கிறோம்.

சமவெளியில் ஒரு கடை வைப்பதும் இந்த மலையில் ஒரு கடை வைப்பதும் ஒன்றல்ல. இங்கே சரிவில் மண் நிற்க வேண்டும், மழைநீர் ஓட வழி வேண்டும், கழிவு போக இடம் வேண்டும். 1863-ல் உருவாக்கப்பட்ட நம் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கீழே இறங்குகிறது. ஏரிக்கரையில் நாம் கொட்டுவது ஏரியோடு நிற்காது. அதனால்தான் மலை ஊர்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன; 1993-ல் கொடைக்கானலுக்கு மாஸ்டர் பிளானும் வந்தது. 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வாகனங்கள் இங்கே வர இ-பாஸும் வேண்டியதாயிற்று.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு அனுமதி இரண்டு தளங்களுக்கு. எழும்பியது ஏழு தளங்கள். 1994-ல் விதியைத் தளர்த்தி அரசாணையும் வந்தது. பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்ற அமைப்பு நீதிமன்றம் சென்றது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூடுதலாகக் கட்டிய தளங்களை இடிக்கவேண்டி வந்தது. அரசாணை கையில் இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், "நகராட்சியில் நமக்கு ஆள் இருக்கிறார்" என்று சொல்லும் புரோக்கரின் வார்த்தையை நம்பி நாம் என்ன செய்ய முடியும்?

2019-ல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, அனுமதியின்றிக் கட்டிய பல கட்டடங்களுக்கு நகராட்சி சீல் வைத்தது. கட்டடத்துக்குச் சீல் வைத்தால், அதில் வாடகைக்கு இருக்கும் டீக்கடைக்கும் சேர்த்துத்தான் பூட்டு. தவறு கட்டட உரிமையாளருடையது. அடுப்பு அணைவது வாடகைக்காரர் வீட்டில்.

ஆகவே இரண்டு அனுமதிகளையும் பிரித்துப் பாருங்கள். நகராட்சி தரும் தொழில் உரிமம் உங்கள் வியாபாரத்துக்கு. திட்ட அனுமதியும் வரைபட அனுமதியும் கட்டடத்துக்கு. முன்னது கையில் இருப்பதாலேயே பின்னது சரியாகிவிடாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் அனுமதி நகலைக் கேளுங்கள். எத்தனை தளத்துக்கு அனுமதி, குடியிருப்புக்கா கடைக்கா என்று பாருங்கள். காட்ட மறுத்தால் அந்தக் கடை நமக்கு வேண்டாம்.

சொந்த இடத்தில் கடை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நம் மனுவைப் பரிசீலிக்கும் திட்டக் குழுமம் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று: எந்தக் காரியத்துக்காக அனுமதி கேட்கப்படுகிறது, அந்த இடம் அதற்குத் தகுந்ததா, அந்தப் பகுதியின் வருங்கால வளர்ச்சிக்கும் பராமரிப்புக்கும் அது ஒத்துவருமா. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும்படி மனு எழுதுங்கள். கழிவுநீர் எங்கே போகும், வண்டி எங்கே நிற்கும், குப்பையை என்ன செய்வீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும், கேட்டால் அதன் நகலைத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு; ஆனால் அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கடிதம் கிடைத்த அன்றே தேதியைக் குறித்து வையுங்கள்.

இனி, ஏரிச்சாலையிலும் தூண் பாறைப் பக்கமும் சோளம் சுட்டும், கம்பளித் தொப்பி விற்றும் பிழைக்கும் சகோதர சகோதரிகளுக்கு. உங்களுக்கென்றே 2014-ல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்திருக்கிறது. நகராட்சி கணக்கெடுத்து, வியாபாரச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை, இருக்கும் வியாபாரியை வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். உரிய கட்டணம் செலுத்திக் கேட்டால், கெட்டுப்போகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதில் ஆலோசனை சொல்வது நகர விற்பனைக் குழு. நகராட்சி ஆணையர் அதன் தலைவர். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால், நம்மைப் பற்றிய முடிவை நாம் இல்லாமலே எடுப்பார்கள். பிறகு குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை.

சட்டம் நம்மிடமும் சில கேட்கிறது. சான்றிதழ் பெற்றவர் தாமோ தம் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்ய வேண்டும். அதை வாடகைக்கு விடக் கூடாது. ஓர் அட்டையை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர், அட்டை கிடைக்காத ஓர் ஏழையின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். அது ஹலாலான வருமானமா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சந்தையை மேற்பார்வை செய்யும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. முஸ்லிம் நகரங்களில் முஹ்தசிப் என்ற அதிகாரி எடையையும் அளவையும் பார்த்தார். கடைகள் வழியை அடைக்காமலும் பார்த்துக்கொண்டார். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் நன்மை என்று கற்ற நாம், நடக்கிறவருக்கு இடம் விடாமல் வண்டியைப் போடலாமா? கோக்கர்ஸ் வாக்கில் தள்ளாடி நடக்கும் முதியவருக்கும் வழியில் உரிமை உண்டு.

நாங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவோம். கட்டட அனுமதி நகலைக் கொண்டுவந்தால் படித்துச் சொல்வோம். நகர விற்பனைக் குழுவுக்குப் போட்டியிட முன்வருகிறவர்களுக்கு, குறிப்பாகச் சகோதரிகளுக்கு, துணை நிற்போம். ஆனால் லஞ்சத்துக்கும் புரோக்கர் கமிஷனுக்கும் அறக்கட்டளைப் பணத்தில் ஒரு ரூபாயும் தரமாட்டோம்.

நீங்கள் செய்ய வேண்டியது சிறியது. மனுவைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வந்த காகிதங்களையெல்லாம் ஒரே கோப்பில் வையுங்கள். சீசன் தொடங்கிய பின் ஓடாதீர்கள். அதற்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். முறையாகக் கேட்டு, முறையாகப் பெற்று வைக்கும் கடை சிறியதாக இருந்தாலும், இரவில் நிம்மதியாகத் தூங்க விடும்.

அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.