ஸ்டிக்கர் பசையும் வண்டி பெயிண்ட்டும்

கடலூர், சிதம்பரம் பக்கம் குழுக் கடன்ல லோடு ஆட்டோ, கார் வாங்கி ஓட்டுற குடும்பங்கள் நம்மில் உண்டு. தேர்தல், திருவிழான்னு ஒட்டின ஸ்டிக்கரை உரிச்சா பசை நிக்கும். உடனே பிளேடைத் தேடுவாங்க.

2012-ல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் கூடாதுன்னு சொன்னப்போ பிளேடால சுரண்டினவங்க உண்டு. கண்ணாடி தாங்கும். கதவு தாங்காது. பெயிண்ட் மேல இருக்கிற பளபளப்புப் பூச்சு தலைமுடி கனம்தான். அது கிழிஞ்சு தகரம் தெரிஞ்சா, நம்ம கடலோர உப்புக் காத்து சும்மா விடுமா? துருவைக் காட்டித்தான் தரகர் விலையை இறக்குவார். தவணை இறங்காது.

முதல்ல நிழல்ல நிறுத்தி, மண் போகக் கழுவுங்க. கை பொறுக்கிற வெந்நீர்ல நனைச்ச துணியைப் பசை மேல 5 நிமிஷம் போடுங்க. பிறகு தேங்காய் எண்ணெய் தடவி 10 நிமிஷம் ஊறட்டும். விரலாலே தேய்ச்சா உருண்டு வரும். வரலைன்னா மறுபடி எண்ணெய், அவ்வளவுதான். கடைசியா ஷாம்பு தண்ணியில கழுவணும், இல்லேன்னா தூசி ஒட்டும்.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், கம்பி நார் எதுவும் வேண்டாம். பட்டறையில டச்சப் செஞ்ச இடத்துல தின்னர் பட்டா, பெயிண்ட்டே துணியோட வந்துடும்.

பசை போன பிறகும் ஸ்டிக்கர் வடிவம் தெரியலாம். அது அழுக்கு இல்ல, சுத்தி இருக்கிற பெயிண்ட் வெயில்ல வெளுத்தது. அதைத் தேய்க்காதீங்க.