வயருக்கும் காய்ச்சல் வரும்

(தோட்டத்து மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. அன்றைக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



மழையையும் பார்க்காமல், கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் பேசுகிறேன். இன்றைக்கு நான் பேச வந்தது கரண்டைப் பற்றி. "பில்லைப் பத்தியா ஐயா?" என்று அங்கே ஒரு அக்கா கேட்கிறார். இல்லை அக்கா, அதைப் பேச ஒரு நாள் போதாது. நான் பேசப்போவது வயருக்கு வருகிற காய்ச்சலைப் பற்றி.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன்.

சில வருசத்துக்கு முந்தி நான் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தேன். அங்கே ஒரு பாட்டி என் காரியாலயத்துக்கு வந்து, "ஐயா, மூணு நாளா வீட்டுல மீன் நாத்தம் அடிக்குது. மாசக் கடைசி, கருவாடு கூட வாங்கல. எங்கேயிருந்து வருதுன்னு தெரியல" என்றார். நான் போய்ப் பார்த்தேன். டிரிப் சுவிட்ச் மேலே நின்றது. பல்பு எரிந்தது. "டிரிப் சுவிட்ச் விழலைதானே பாட்டி, அப்ப பயமில்ல. எலி ஏதாவது செத்துக் கெடக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை. வேலைக்குப் போகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கிறது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அயன் சூடாகிறது. இரண்டும் ஒரே மல்டி பிளக்கில். சுவர்ப் பக்கத்தில் தொங்கிய துணியில் நெருப்புப் பிடித்தது. லயத்துக்கு ஒரே கூரை என்று உங்களுக்குத் தெரியும். மூன்று காம்பிரா போய்விட்டது. பாட்டி சின்னப் பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். உயிர்ச் சேதம் இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையனின் கொப்பிகள், எல்லாம் சாம்பல்.

"மின் ஒழுக்கு" என்று எல்லோரும் சொன்னார்கள். லயத்தில் நெருப்பு என்றால் பேப்பரிலும் அந்த வார்த்தைதான் அடிக்கடி வரும். ஆனால் பார்க்க வந்த எலக்ட்ரிசியன் உருகிப்போன பிளக்கைக் கையில் எடுத்துக் காட்டி, "இங்கே ஒண்ணும் ஒழுகல ஐயா. சுட்டிருக்கு. பல நாளாச் சுட்டிருக்கு" என்றார். சில பிளக், சுவிட்ச் செய்கிற கெட்டி பிளாஸ்டிக் அளவுக்கு மேலே சூடானால் மீன் நாற்றம் வரும் என்பதையும் அவர்தான் சொன்னார். பாட்டியின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்காதது என் காது.

டிரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை?

இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரிப் சுவிட்ச் ஒரு காவல்காரன். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது கணக்குப் பார்க்கும். வழியில் ஒரு ஆள் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ ஒழுகினால் கணக்கு இடிக்கும். வீடுகளுக்குப் போடுகிற டிரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே விழ வேண்டும். அது உயிரைக் காப்பாற்றுகிற சாமான், சந்தேகமே வேண்டாம். பக்கத்தில் இருக்கிற பிரேக்கர் இன்னொரு காவல்காரன். வயர் தாங்குகிற அளவுக்கு மேலே கரண்ட் போனால் அது விழும்.

ஆனால் ஒரு திருகாணி தளர்ந்து போனால்? கரண்ட் எங்கேயும் ஒழுகவில்லை. கூடவும் இல்லை. தளர்ந்த இடத்தில் மட்டும் தடை அதிகமாகிறது. தடை இருக்கிற இடத்தில் சூடு பிறக்கும். இரண்டு காவல்காரரும் "எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நீறு பூத்த நெருப்பு.

ஒரு சின்னக் கணக்கு. 2000 வோட் கேத்தல் நம் 230 வோல்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். கரண்டை அதே கரண்டால் பெருக்கி, தடையால் பெருக்கினால் சூடு. 9 தரம் 9 தரம் அரை: 40 வோட். பழைய 40 வோட் குண்டு பல்பைத் தொட்டுக் கை சுட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். அந்தச் சூடு முழுவதும் நகக்கண் அளவு இடத்தில்! கேத்தலோடு 1000 வோட் அயனையும் சேர்த்துப் போட்டால் 13 அம்பியர். கரண்ட் ஒன்றரை மடங்குதான் கூடியது, சூடு 84 வோட். இரண்டு மடங்கு. சாதாரண வீட்டு வயரின் மேல் உறை தாங்குவதோ 70 பாகை.

ஏன் தளர்கிறது? செம்பு சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். தினம் காலையும் மாலையும் விரிந்து சுருங்கித் திருகாணி தளரும். தளர்ந்தால் இன்னும் சுடும், சுட்டால் இன்னும் தளரும். நம் பக்கத்துப் பனியும் ஈரமும் செம்பில் பச்சை பிடிக்க வைக்கும். எலி கடிக்கும். மகனுக்குக் கல்யாணம் முடித்து இஸ்தோப்பை அடைத்து ஒரு காம்பிரா எடுத்தால், பழைய வயரிலேயே முறுக்கி டேப் சுற்றி ஒரு லைன் இழுக்கிறோம். நான் யாரையும் குறை சொல்லவில்லை. இடம் இல்லாத கொடுமை அது. ஆனால் அந்த முறுக்குதான் முதலில் சுடும்.

சூட்டைப் படம் பிடிக்கிற கமரா

போன மாதம் நம் ஸ்டோரில் ஒரு இன்ஜினியர் வந்து வேலை செய்தார். கையில் கமரா மாதிரி ஒன்று. அதுதான் தெர்மல் கமரா, வெப்பப் படக் கமரா. எனக்கும் புதினம், டீமேக்கர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு கூடவே நடந்தேன்.

2020இல் கொரோனா வந்த நேரம் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தொடாமலே சூட்டைச் சொன்னது எப்படி? சூடு உள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை வெளியே விடுகிறது. 1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் சூரிய வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடியில் விட்டு நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து, நிறமே இல்லாத இடத்தில் வைத்தபோதும் சூடு ஏறியது. சிவப்புக்குக் கீழே இருப்பதால் அதைச் செங்கீழ்க் கதிர் என்கிறோம். அந்த நெற்றித் துப்பாக்கி ஒரு இடத்தின் சூட்டை மட்டும் அளக்கும். இந்தக் கமரா ஆயிரக்கணக்கான இடத்தை ஒரே நேரத்தில் அளக்கும். 160க்கு 120 என்கிற சிறிய கமராவிலேயே 19,200 புள்ளி. குளிர்ந்த இடம் நீலம், சூடான இடம் மஞ்சள், வெள்ளை என்று படமாகக் காட்டும்.

கொழுந்து வாட்டுகிற இடத்துக்குக் காற்று அடிக்கும் பெரிய விசிறியின் மின் பெட்டியை அவர் திறந்தார். மூன்று வயர். என் கண்ணுக்கு மூன்றும் ஒரே மாதிரிதான். கமராவில் இரண்டு நீலம், ஒன்று மட்டும் அடுப்புக் கொள்ளி மாதிரி. இரண்டு வயரிலும் 38 பாகை, மூன்றாவதில் 91. ஒரே வேலை செய்கிற ஒரே மாதிரி இணைப்புகளில் 15 பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் உடனே பார்க்க வேண்டிய பிழை என்று இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டாம். இங்கே 53. கரண்டை நிறுத்திப் பார்த்தால் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. பத்து நிமிச வேலை. பார்க்காமல் விட்டிருந்தால் மோட்டார் போயிருக்கும், நெருப்பும் பிடித்திருக்கும். ஸ்டோர் நின்றால் நம் வேலை நாளும் நின்றிருக்கும்.

கமரா என்றால் மந்திரம் இல்லை. சுவரையோ தகர மூடியையோ துளைத்து அது பார்க்காது, மேல் பக்கத்துச் சூட்டைத்தான் பார்க்கும். அதனால் பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது திறக்கிற வேலை அது. பயிற்சி எடுத்தவர், தகுந்த உடுப்பும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் செய்யலாம். கரண்ட் ஓடாத வயர் சுடாது, ஆகவே மெஷின் ஓடுகிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும். பளபளப்பான உலோகம் கண்ணாடி மாதிரி. தன் சூட்டை ஒளித்துக்கொண்டு எதிரே நிற்கிறவரின் சூட்டைக் காட்டி ஏமாற்றும். அனுபவம் உள்ள கண் வேண்டும்.

வேலை முடிந்து என் காரியாலயத்தில் தேத்தண்ணி குடித்தோம். அவர் சும்மா என் கேத்தல் பக்கம் கமராவைத் திருப்பினார். பிளக் மஞ்சளாக எரிகிறது! 65 பாகை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற வெல்பெயார் ஐயாவின் பிளக்! அப்போது எனக்கு அந்தப் பாட்டியின் முகம்தான் ஞாபகம் வந்தது. பிளக்கை அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

கமரா இல்லாத வீட்டில் என்ன செய்வது?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வெப்பமானி வருகிற வரைக்கும் அம்மா காத்திருக்கிறாளா? புறங்கையை நெற்றியில் வைக்கிறாள். அதே மாதிரி நமக்கும் சில வழி இருக்கிறது.

1. மூக்கை நம்புங்கள். மீன் வாடை, பிளாஸ்டிக் எரிகிற வாடை, காரணம் இல்லாமல் வந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு சொல்லி அனுப்புங்கள்.

2. கண்ணால் பாருங்கள். பிளக், சுவிட்ச், பல்பு ஹோல்டர் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், உருகி வளைந்திருந்தால், அதைப் பாவிக்க வேண்டாம்.

3. காதால் கேளுங்கள். சுவிட்சில் "சிர்ர்" என்ற சத்தம், கேத்தல் போடும்போது பல்பு மினுங்குவது, இரண்டும் தளர்ந்த இணைப்பின் அடையாளம்.

4. கேத்தல், அயன், ரைஸ் குக்கர் பாவித்து முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அது காய்ச்சல். பித்தளைக் காலைத் தொட வேண்டாம், ஈரக் கையும் வேண்டாம்.

5. கேத்தலும் அயனும் ஒரே மல்டி பிளக்கில் வேண்டாம். முதலில் தேத்தண்ணி, பிறகு சட்டை. ஐந்து நிமிசம் முந்தி எழும்பினால் போதும்.

6. டிரிப் சுவிட்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமத்துங்கள். விழாவிட்டால் அது கெட்டுப்போனது. விழுந்தால் நல்லது. ஆனாலும் சூட்டை அது பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

7. நெருப்புப் பிடித்தால் மெயினை அணையுங்கள். கிட்டப் போக முடியாவிட்டால் விட்டுவிட்டு ஆட்களை வெளியே எடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கரண்ட் இருக்கிற நெருப்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மெயின் போட்டை நீங்களே திறந்து திருகாணி முறுக்கப் போக வேண்டாம் தம்பிமாரே. கொஞ்சம் வேலை தெரிந்த பையன்தான் அதிகம் அடிபடுகிறான்.

கடைசியாக இரண்டு விசயம். அந்தக் கமராக்காரர் அடுத்த தடவை ஸ்டோருக்கு வரும்போது அரை நாள் லயங்களையும் பிள்ளைக் காம்பிராவையும் பார்த்துத் தர முடியுமா என்று தொரையிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்ற சொல்லை நீங்களும் நானும் எத்தனையோ தடவை கேட்டவர்கள்தான். அதனால் மாதர் சங்கமும் தலைவர்மாரும் சேர்ந்து ஒரு கடிதம் தர வேண்டும். மெஷினுக்குப் பார்க்கிற காய்ச்சலை மனிசர் படுக்கிற இடத்துக்கும் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, நான் தருகிற வாக்கு. நாளையிலிருந்து பிள்ளைக் காம்பிராவில் ஒரு கொப்பி இருக்கும். வாடை, சூடு, சத்தம், எது இருந்தாலும் வீட்டு நம்பரோடு எழுதுங்கள். எழுத வராத பெரியவர்கள் ஆயாவிடம் சொன்னால் அவர் எழுதுவார். எழுதின அன்றைக்கே நான் எலக்ட்ரிசியனோடு வருவேன். "டிரிப் சுவிட்ச் விழலைதானே" என்று இனிமேல் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

 போகும்போது வழி வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.