விளையாட்டும் மருந்தாகும்



நான் ஆசிரியப் பணி புரிந்த பள்ளியொன்றில், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய மாணவன் ஒருவன் பயின்றான். விளையாட்டு வேளையில் மற்றப் பிள்ளைகளின் சட்டைகளையும் புத்தகப் பைகளையும் காக்கும் பொறுப்பை அவனுக்கு அளித்தேன். இரக்கமென்று எண்ணியே அவ்வாறு செய்தேன். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன்தான் நான். எனினும் அப்பிள்ளைக்கும் ஆடும் ஆசை உண்டென்பது எனக்குத் தோன்றவில்லை.

அண்மையில் சந்தவாசலில் என் வீட்டிற்கு மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் வந்தாள். நோயுற்றோரையும் உறுப்பு நலிந்தோரையும் ஆட்டபாட்டங்களின் வாயிலாகத் தேற்றும் கலையை வெளிநாட்டுக் கல்லூரியில் பயில அவள் விரும்பினாள். தந்தையாரோ, "ஆடுவதற்கு ஒரு பட்டமா, ஐயா? அதற்குக் கடல் கடக்க வேண்டுமா?" என்றார். அவருக்குக் கூறிய விடையையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

நம் சவ்வாது மலைக்கு வடக்கே, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, கால்கள் செயலிழந்தன. அவ்வம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்தில், அயல்நாட்டு மாணவியாக, மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். தாயகம் திரும்பி 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அந்த ரஸ்க், இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவர். காயம் ஆறிய வீரர்கள் படுக்கையில் வாளாகிடந்து மேலும் நலிவதைக் கண்டு, அவர்களுக்குப் பாடமும் பயிற்சியும் பொழுதுபோக்கும் வகுத்தார். இங்கிலாந்தில் டாக்டர் குட்மன், 1948-இல் சக்கர நாற்காலியினர் பதினாறு பேரை வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். அம்பு எய்வதில் தோளும் கையும் வலுப்பெறும். உட்கார்ந்த உடல் சாயாமல் நிலைபெறும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு வேண்டியவை இவையே அல்லவா? அப்போட்டியின் வழியில் வளர்ந்ததே பாராலிம்பிக். 2016-இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலு நம் சேலத்துப் பிள்ளை.

ஆகவே இது வெறும் ஆட்டமன்று. உடற்கூற்றியலும் உளவியலும் கற்கவேண்டும். மருத்துவமனையில் நேர்முகப் பயிற்சி பெறவேண்டும். அயல்நாட்டு மாணவர், தம் விசா அப்பயிற்சிக்கு இடந்தருமா என்பதைச் சேர்வதற்கு முன்பே தெளிந்துகொள்ளல் நன்று. மற்றொன்றையும் மறைக்கலாகாது: இப்பட்டத்தின் பெயரால் நம் நாட்டில் வேலை கிடைப்பது அரிது. இதைக் கேட்டு அத்தந்தையார் நெடுநேரம் பேசவில்லை.

வேறோர் இடரும் உண்டு. நோயாளியின் மனம் தன் இளமைக்கால விளையாட்டையே நாடும். அங்குள்ள முதியவர் அறிந்த ஆட்டங்களை அவள் புதிதாய்க் கற்கவேண்டும். திரும்பி வந்தபின் இங்குள்ள பாட்டிக்கு அவை பயன்படா. பாட்டிக்கு வேண்டியது பல்லாங்குழி. வாதத்தால் விறைத்த விரல்கள், குழிக்கு ஒன்றாகக் காய் இடும்போது தாமே பழகும். எண்ணும் ஆற்றலும் விழித்துக்கொள்ளும்.

புறப்படுமுன் அம்மாணவிக்கு என் அன்னையாரின் பல்லாங்குழிப் பலகையைக் கொடுத்தேன். சோழிகளில் சில குறைகின்றன. புளியங்கொட்டை சேர்த்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறேன்.