முதலில் நல்ல தண்ணீர், பிறகு மெஷின்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீட்டில் சின்னதாக ஒரு காங்கிரீட் வேலை. கலவை மெஷினை வாடகைக்குப் பிடித்தாயிற்று. கலக்கத் தண்ணீர்? கிணற்று உப்புத்தண்ணீர் மட்டும் வேண்டாம்.

ஜன்னல் கம்பியைப் பாருங்கள். வெறும் கடற்காற்றுக்கே செதில் செதிலாக உரிகிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று அது. காங்கிரீட்டுக்குள் நாமே உப்பை ஊற்றினால் கம்பி என்ன ஆகும்? துரு ஏறும். துரு ஏறினால் கம்பி பருக்கும். பருத்து, காங்கிரீட்டைப் பிளந்துவிடும்.

எவ்வளவு நல்ல மெஷினும் உப்பைப் பிரிக்காது. கழுவாத கடல் மணலும் ஆகாது. வாயில் விட்டால் கரிக்கும் தண்ணீர் கலவைக்கு ஆகவே ஆகாது. முதலில் நல்ல தண்ணீர் லாரிக்குச் சொல்லுங்கள். பிறகு மெஷினுக்குச் சொல்லுங்கள்.