செருப்புக் கடியும் நடைக் கொப்புளமும்

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முழங்கால் வலியை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உள்ளங்கால் கொப்புளித்த கதையைத்தான் விலாவாரியாகச் சொல்வார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து காவடியோடு கிளம்புகிறவர்களுக்கு வழி நூறு கிலோமீட்டருக்கும் மேல்.

ஒவ்வொரு அடியிலும் உள்ளே எலும்பு முன்னால் நகர்கிறது. வெளித்தோலோ தரையையோ செருப்பையோ பிடித்துக்கொண்டு பின்தங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இழுபட்டு இழுபட்டு, தோலின் அடுக்கு ஒரு கட்டத்தில் பிரிந்துபோகிறது. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரத்தில் ஊறிய தோலுக்குப் பிடிப்பு அதிகம். வியர்வையில் நனைந்த சாக்ஸை மாற்றாமல் நடப்பது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

கொப்புளம் சொல்லாமல் வருவதில்லை. முதலில் ஓர் இடம் மட்டும் சூடாகி, லேசாக எரியும். அடுத்த அன்னதானப் பந்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டுவோம். கூடாது. அங்கேயே உட்காருங்கள். காலைத் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். 250 கிலோமீட்டர் ஓடும் பந்தயக்காரர்களின் கால்களில் இதை முன்கூட்டியே ஒட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்திருந்தது. செருப்பே வேண்டாம் என்று விரதம் இருப்பவர்கள், டேப்புக்கு மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டால் முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். வாசலின் தடவினால் கொஞ்ச நேரம் வழுக்கும். பிறகு பிடிப்பு கூடிவிடும், திரும்பத் தடவ வேண்டும்.

சரி, வந்தே விட்டது. சின்னதாக, வலிக்காமல் இருந்தால் உடைக்காதீர்கள். பெரிதாகி, கால் ஊன்ற முடியவில்லை என்றால் நீரை மட்டும் எடுக்கலாம். கையையும் காலையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஊசியை ஸ்பிரிட்டால் துடைத்து, கொப்புளத்தின் ஓரத்தில், அடிப்பக்கமாக ஒரு குத்து. மெதுவாக அழுத்தினால் நீர் வடிந்துவிடும். மேல்தோலை மட்டும் பிய்க்கவே கூடாது. அதைவிட நல்ல கட்டு எந்த மருந்துக்கடையிலும் கிடையாது. அதன்மேல் கொஞ்சம் வாசலின், சுத்தமான துணிக்கட்டு, அவ்வளவுதான். அடியில் 5 நாள் வாக்கில் புதுத்தோல் வந்துவிடும். சிலர் ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டுவைக்கிறார்கள். அழுக்கு உள்ளே போக அதுவே வழி.

கொப்புளம்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1924-ல் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜின் 16 வயது மகன், சாக்ஸ் போடாமல் டென்னிஸ் ஆடினான். கால்விரலில் கொப்புளம் வந்தது. அதன் வழியே கிருமி ரத்தத்தில் கலந்து, சில நாட்களில் உயிரே போனது. பென்சிலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இன்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு போக வேண்டும். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், எரிச்சலே தெரியாது. நீங்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், கொப்புளத்தில் ஊசியும் வைக்க வேண்டாம். தினமும் இரவில் உள்ளங்காலை வீட்டில் ஒருவரிடம் காட்டிவிட்டுப் படுங்கள்.