எந்த மரக்காலால் அளந்தார்கள்?

தோழர்களே! ஐப்பசியில் படிக்க நம் சங்க நூலகத்துக்கு வேளாண்மைக் கதைகள் கேட்டீர்கள். பொங்கல் வைத்து முடிகிற கதைகள் நமக்குப் போதா. களத்தில் நெல்லை எந்த மரக்காலால் அளந்தார்கள் என்றுதான் நாம் கேட்கிறோம். டி. செல்வராஜின் ‘மலரும் சருகும்’ அந்த மரக்கால் சண்டையையே கதையாக்கியது. அரைப்படி நெல் கூடக் கேட்டு, செங்கொடியையும் இறக்க மறுத்ததற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை எழுதிய இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. ஆனால் பண்ணையாரின் ஆண்மைக் குறையைத் துருவப்போய்க் கூலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது நம் மனக்குறை. ஆகவே சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’லையும் கூடவே வாங்குவோம். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வருகிறது. ஞாயிறு மாலைகளில் நாமே உரக்கப் படித்துக் காட்டுவோம். வயலில் நின்ற பெரியவர்கள் முன்வரிசையில் வந்து உட்காருங்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.