தமுக்கம் அரண்மனையில் ஒரு துணி

பனியன் கம்பெனிகளுக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் திருப்பூரில் பஸ் ஏறினால் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதியத்துக்கு முன்பே மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கிவிடலாம். மதுரை என்றதும் கால்கள் மீனாட்சி கோயிலுக்கோ திருமலை நாயக்கர் மகாலுக்கோதான் போகும். நான் உங்களை அழைத்துப் போவது வைகையின் வடகரைக்கு, கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் தமுக்கம் அரண்மனைக்கு.

இது ராணி மங்கம்மாளின் கோடைக்கால மாளிகை. பேரன் சிறுவனாக இருந்ததால் 1689 தொடங்கி நாட்டைக் கட்டி ஆண்ட அந்த அம்மாள், எதிரே உள்ள மைதானத்தில் நடந்த யானைச் சண்டைகளை இங்கிருந்து பார்த்ததாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் வெள்ளைக்கார கலெக்டர்கள் குடியிருந்தார்கள். 1955இல் அரசு இதைக் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு வந்து காந்தி அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார்.

சீனத்திலும் இப்படி நடந்திருக்கிறது. கடைசிப் பேரரசர் பூயி 1924இல் வெளியேற்றப்பட்ட பீஜிங் அரண்மனை, மறு ஆண்டே மக்களுக்கான அருங்காட்சியகமானது. பேரரசர்கள் முன்னோரை வழிபட்ட மண்டபத்தில் பின்னர் கடிகாரங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே பார்ப்பது அரசர்கள் சேர்த்த செல்வம். தமுக்கத்தில் பார்ப்பது, சேர்த்துவைக்க மறுத்த ஒருவரின் உடைமைகள். அரண்மனைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது என்பேன்.

வெள்ளைச் சுவர், வளைவுகள், உயரமான கூடங்கள். முதலில் விடுதலைப் போராட்டக் கதை படங்களாக விரியும். அடுத்து காந்தியின் வாழ்க்கை, புகைப்படம் புகைப்படமாக. அவற்றை நிதானமாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கண்ணாடிப் பேழை ஒன்றில் ஒரு துணி இருக்கும். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்தது. இரத்தக் கறை அப்படியே இருக்கிறது.

நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேசையில் பொட்டுக் கறை இருந்தாலும் பீஸைத் தனியே தூக்கிப் போட்டுவிடுவோம். துணியைத் தொட்டே பிழைக்கும் கைகள் நம்முடையவை. கறைபட்ட இந்தத் துணி முன்னால் நிற்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. பனியனுக்கு முன்பு திருப்பூரின் பெயர் கதரோடுதான் சேர்ந்திருந்தது. அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை நம் ஊரில்தான் இயங்கியது. 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலம் போய், தடியடியில் விழுந்து, மறுநாள் உயிர்விட்ட குமரனும் நம் தெருக்களில் நடந்தவர்தான். குழந்தைகளை அந்தப் பேழை முன் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் மேலமாசி வீதிக்கும் போய்வாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று, அங்கே தங்கியிருந்த வீட்டில்தான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு இடுப்பில் நாலு முழத் துணியோடு வெளியே வந்தார். அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க் கடை நடக்கிறது. வேட்டி, துண்டு எல்லாம் கிடைக்கும்.